பல துறைகள் சேர்ந்தால்தான் தீரும் பிரச்சினைகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெவ்வேறு துறைகளில் படிக்கும் மாணவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்து, எந்தத் துறைக்கும் முழுதாகச் சொந்தமில்லாத ஒரு பிரச்சினையைக் கொடுத்து வேலைசெய்ய வைக்கும் பாடத்தைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். இதைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, ஆனால் இரண்டாவது கேள்வியில் வரும் கிணற்றுக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்னால் பல இடங்களில் அதற்கே திரும்பி வருவேன்.

கடினமான கணக்குக்கும் "சிக்கலான பிரச்சினை"க்கும் என்ன வித்தியாசம்?

கணக்கு எவ்வளவு கடினமாக இருந்தாலும், போட்டு முடித்ததும் முடிந்துவிட்டதென்று தெரிந்துவிடும். விடை சரியா தப்பா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லவும் முடியும். ஒரு நகரத்தில் அடிக்கடி வரும் வெள்ளத்தை என்ன செய்வது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலிக்காமல் போவதை எப்படித் தடுப்பது மாதிரியான விஷயங்களில் அந்த வசதி கிடையாது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் இருவரும் 1973-இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்டவற்றைப் "பொல்லாத பிரச்சினைகள்" என்று அழைத்து, அவற்றுக்குப் பத்து குணங்களைச் சொன்னார்கள். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தீர்வில் நல்லது, மோசமானது என்றுதான் உண்டு, சரி தவறு கிடையாது. சும்மா முயன்று பார்க்கவும் முடியாது, ஏனென்றால் ஓர் அணையைக் கட்டிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்று அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க யாராலும் ஆகாது.

அந்தப் பத்தில் வகுப்பறைக்கு மிக முக்கியமானது முதலாவது: பிரச்சினை இதுதான் என்று அறுதியிட்டு எழுத முடியாது. போக்குவரத்து நெரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். சாலை போதவில்லை என்று சொன்னால் சாலையை அகலப்படுத்தப் போவீர்கள். வீடும் வேலையிடமும் தூரத்தில் இருக்கின்றன என்று சொன்னால் நகர அமைப்பைத் தொடுவீர்கள். சாலையைப் பயன்படுத்துவதற்கு விலை இல்லை என்று சொன்னால் கட்டணம் வைக்கப் பார்ப்பீர்கள். பிரச்சினையை எழுதுகிற அந்த ஒரு வரியிலேயே தீர்வு பாதி முடிவாகிவிடுகிறது, அதை எழுதுகிறவர் தான் படித்த துறையை வைத்துத்தான் எழுதுகிறார். மாணவர்கள் அதை எழுதிப் பழகியதே இல்லை. பள்ளியிலிருந்து இதுவரை அந்த வரியை எப்போதும் வேறு யாரோதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நிஜமான ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

வங்கதேசத்துக் குழாய்க் கிணறுகள். ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

அங்கே குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து, வயிற்றுப்போக்கு நோய்களால் ஏராளமான குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அதனால் 1970களில் யுனிசெஃப் அமைப்பும் அரசும் சேர்ந்து குழாய்க் கிணறுகளைப் பரப்பினார்கள். அப்புறம் மக்களே தங்கள் செலவில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். மேல்மட்ட நீரைவிடக் கிருமி மிகக் குறைந்த நீர் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. ஆனால் அந்த மண்ணடுக்குகளில் இயற்கையாகவே ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமம் இருந்தது. இரும்பு ஆக்சைடுகளோடு ஒட்டிக்கிடக்கும் ஆர்செனிக், ஆக்சிஜன் இல்லாத நிலத்தடிச் சூழலில் விடுபட்டு நீரில் கலந்துவிடுகிறது. நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. பக்கத்தில் மேற்கு வங்கத்தில் 1980களின் தொடக்கத்திலேயே தோல் மருத்துவர்களிடம் நோயாளிகள் வந்துவிட்டார்கள். வங்கதேசத்துக் கிணறுகளில் 1993-இல்தான் ஆர்செனிக் இருப்பது உறுதியானது. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை, 12.5 கோடி மக்களில் 3.5 கோடியிலிருந்து 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக மதிப்பிட்டது.

இதுவரை சொன்னதைக் கேட்டதும் மாணவர்கள் "வடிகட்டி வைக்கலாமே" என்பார்கள். அங்கேதான் கதை தொடங்குகிறது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆர்செனிக் போகாது, ஆவியாகும் நீரின் அளவுக்கு அது இன்னும் செறிவாகும். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட ஒன்றில் நஞ்சு இருக்கும், இன்னொன்றில் இருக்காது, ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்புக் கிணற்றை விட்டுவிட்டுப் பச்சைக் கிணற்றுக்குப் போகவேண்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அது எவ்வளவு தூரம், யாருடைய வீட்டு முற்றத்தில் இருக்கிறது, அங்கே போய் எடுக்கலாமா என்பதெல்லாம் வேதியியலில் வராது. தோலில் புள்ளிகள் வந்தவர்களை ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஒதுக்கிவைத்தார்கள். வழக்கும் நடந்தது: 1992-இல் அங்கே நீரை ஆய்வு செய்த பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் பல தனிமங்களைச் சோதித்தும் ஆர்செனிக்கைச் சோதிக்கவில்லை என்று ஒரு கிராமத்துக்காரர் தொடுத்த வழக்கு அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2006-இல் தள்ளுபடியானது. அந்த ஆய்வாளர்களுக்கு அவர் விஷயத்தில் சட்டப்படியான கடமை இல்லை என்பது தீர்ப்பு.

இதில் எந்தத் துறைக்காரரும் தன் வேலையைத் தெரியாமல் செய்தவர் என்று சொல்லிவிட முடியாது. நீரில் கிருமி இருக்கிறதா என்று கேட்டார்கள், அதற்கு ஒழுங்காகப் பதிலும் கண்டுபிடித்தார்கள். வேறு என்ன இருக்கிறது என்று கேட்கவேண்டிய ஆள் அந்த அறையில் இல்லை. அப்படி இல்லாமல் போன ஆளை அடையாளம் கண்டு அறைக்குள் கூட்டிவரப் பழகுவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடம் முழுவதும்.

பலதுறை, துறையிடை, துறைகடந்த என்ற சொற்களுக்குள் வேறுபாடு இருக்கிறதா?

இருக்கிறது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி (OECD) 1970-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடத்திய கருத்தரங்கிலிருந்தே இந்தப் பிரிவினை பேசப்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், ஆளாளுக்குத் தன் அத்தியாயத்தை எழுதிச் சேர்த்துக் கட்டினால் அது பலதுறை. ஒருவருடைய முறை இன்னொருவருடைய கேள்வியையே மாற்றிவிட்டால் அது துறையிடை. பிரச்சினையோடு வாழும் மக்களும் ஆய்வில் பங்காளிகளாக உட்கார்ந்தால் துறைகடந்தது. மாணவர்களுக்கு இலக்கணம் நடத்த வேண்டாம், ஆனால் நீங்கள் கேட்பது இரண்டாவது வகை என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும், ஏனென்றால் விட்டுவிட்டால் எல்லாக் குழுவும் முதல் வகைக்கே போய் நிற்கும்.

சொந்தத் துறையே இன்னும் சரியாகத் தெரியாத மாணவர்களிடம் இதைக் கேட்கலாமா?

நியாயமான கேள்வி. துறை ஆழம் இல்லாமல் துறையிடை வேலை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உளவியலாளர் மிஷெலீன் சி-யும் அவருடன் வேலைசெய்தவர்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது: இயற்பியல் கணக்குகளை வகைபிரிக்கச் சொன்னபோது புதியவர்கள் "இது சாய்தளக் கணக்கு, இது கப்பிக் கணக்கு" என்று கண்ணில் பட்ட பொருளை வைத்துப் பிரித்தார்கள், நிபுணர்கள் "இது ஆற்றல் மாறாக் கோட்பாட்டில் தீரும்" என்று அடியில் இருக்கும் கோட்பாட்டை வைத்துப் பிரித்தார்கள். அடியில் இருப்பதைப் பார்க்கும் அந்தக் கண் ஒரு துறையில் பல வருடம் உழைத்தால்தான் வரும். அது இல்லாதவர்களை ஒன்றாக உட்காரவைத்தால், செய்தித்தாள் படித்த நான்கு பேர் பேசுவதுபோலத்தான் இருக்கும்.

அதனால் முழு அளவிலான ப்ராஜெக்ட்டை மூன்றாம் ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதுவரை எதுவுமே செய்யாமல் இருக்க வேண்டாம். "என் துறை எதைப் பார்க்காது?" என்ற கேள்வியை முதலாம் ஆண்டிலேயே கேட்கப் பழக்கலாம். ஒவ்வொரு முறையைக் கற்றுக்கொடுக்கும்போதும் அது எதற்கு உதவாது என்று 10 நிமிடம் பேசினால் போதும், தனிப் பாடம்கூடத் தேவையில்லை. மூன்று வருடம் தன் துறையை எல்லாம் தெரிந்ததாக நம்பிவிட்டு வருகிற மாணவரை அப்புறம் அசைப்பது பெரும்பாடு.

பிரச்சினையைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டுமா?

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிரச்சினையை முன்வைத்துக் கற்பிக்கும் முறை கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1969-இல் தொடங்கியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் அதைப் பின்பற்றியது. டென்மார்க்கின் ரோஸ்கில்ட, ஆல்போர்க் பல்கலைக்கழகங்கள் 1970களில் ப்ராஜெக்ட்டை மையமாக வைத்தே தொடங்கப்பட்டன. இதையெல்லாம் கேள்விப்பட்டுவிட்டு, "நானும் பேசாமல் இருந்தால் போதும், அவர்களே கண்டுபிடிப்பார்கள்" என்று நினைத்துவிடுகிறோம். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரை இந்த நினைப்பைத்தான் கடுமையாக மறுத்தது: புதியவர்களுக்கு வழிகாட்டுதல் இல்லாவிட்டால் மனத்தின் இடமெல்லாம் தேடுவதிலேயே போய்விடும், கற்பதற்கு மிச்சம் இருக்காது. அதற்கு வந்த மறுப்புகளும் கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் நல்ல பிரச்சினைவழிப் பாடத்தில் ஆசிரியர் சும்மா இருப்பதே இல்லை.

நான் செய்வது இது. பிரச்சினையின் பரப்பைத் திறந்து விடுகிறேன், வேலை முறையை இறுக்கிப் பிடிக்கிறேன். என்ன கேள்வி கேட்பது என்பது அவர்கள் பாடு. ஆனால் பேட்டி எடுப்பது எப்படி, ஒரு தரவுத்தொகுப்பில் எதை முதலில் சந்தேகப்படுவது, வேறு துறையின் ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பகுதியை முதலில் படிப்பது என்பதையெல்லாம் நேரடியாக, பலகையில் எழுதி, செய்து காட்டிக் கற்றுக்கொடுக்கிறேன். அதையும் அவர்கள் ஒருமுறை தாங்களாக முயன்று மாட்டிக்கொண்ட பிறகு. கற்றல் ஆய்வாளர் மனு கபூர் "பலனுள்ள தோல்வி" என்ற பெயரில் செய்த ஆய்வுகள் காட்டியதும் இந்த வரிசையைத்தான்: முதலில் முயலவிடு, பிறகு தெளிவாகச் சொல்லிக்கொடு. இரண்டாவது பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் செய்தால் மிஞ்சுவது வெறும் தோல்வி.

எந்த மாதிரிப் பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பது?

"காலநிலை மாற்றம்" வேண்டாம், "வறுமை" வேண்டாம். அவ்வளவு பெரிதாக இருந்தால் மாணவர்கள் அறிக்கைகளைப் படித்துச் சுருக்கி எழுதிக் கொடுப்பார்கள். ஓர் இடமும், ஒரு காலமும், முடிவெடுக்கவேண்டிய ஓர் ஆளும் இருக்கிற அளவுக்குச் சிறிதாக்குங்கள். "ஒரு மருத்துவமனையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தேவைக்கு மேல் எழுதப்படுகின்றன; தலைமை மருத்துவர் அடுத்த ஆண்டுக்குள் எதை மாற்றலாம்?" என்ற அளவு சரி. இதற்குள்ளேயே நுண்ணுயிரியல் இருக்கிறது, நோயாளியின் எதிர்பார்ப்பு இருக்கிறது, இரவுப் பணியில் களைத்துப்போன இளம் மருத்துவரின் பயம் இருக்கிறது, பரிசோதனை முடிவு வர ஆகும் நேரம் இருக்கிறது, மருந்தின் விலை இருக்கிறது.

இன்னொரு சோதனை: குறைந்தது இரண்டு துறைகள் அந்தப் பிரச்சினையில் ஒன்றோடொன்று முரண்பட வேண்டும். எல்லோரும் ஒரே திசையில் தலையாட்டும் பிரச்சினையில் கற்க எதுவும் இல்லை.

முதல் சில வாரங்களில் என்ன செய்வது?

தீர்வைப் பற்றிப் பேச விடாதீர்கள். உண்மையாகவே தடை போடுங்கள். 14 வாரப் பாடத்தில் முதல் நான்கு வாரங்களை நான் கேள்வியைக் கட்டுவதற்கே ஒதுக்குகிறேன். சக ஆசிரியர்களுக்கு இது வீணாகத் தெரியும், மாணவர்களுக்கோ முதலில் பொறுமையே இருக்காது.

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தனியாக, யாரோடும் பேசாமல், பிரச்சினை என்ன என்று மூன்று வரிகளில் எழுதித் தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், கேள்வி எவ்வளவு மாறியது என்று பார்க்க அது கடைசி வாரத்தில் தேவைப்படும். அடுத்த வகுப்பில் எல்லாவற்றையும் பெயர் இல்லாமல் சுவரில் ஒட்டி, எது எந்தத் துறைக்காரர் எழுதியது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். தன் பார்வை இவ்வளவு தெளிவாக வெளியே தெரிகிறதா என்று திடுக்கிடும் அந்த நிமிடத்துக்காகத்தான் இந்தப் பயிற்சி, அதை எந்தச் சொற்பொழிவாலும் கொடுக்க முடிந்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு குழுவும் மூன்று பட்டியல்கள் தயாரிக்கும். இந்தப் பிரச்சினையில் யாருக்கு என்ன நஷ்டம், யாருக்கு என்ன லாபம் (இப்படியே இருந்தால் லாபம் அடைகிறவர் யாரோ ஒருவர் கட்டாயம் இருப்பார்). இதுவரை என்னென்ன முயன்றார்கள், அது ஏன் போதவில்லை. எதை யாரும் அளக்கவில்லை. மூன்றாவது பட்டியல்தான் கிணற்றுக் கதையிலிருந்து நேராக வருவது, அதை நிரப்பத்தான் மிக அதிக நேரம் ஆகும். நான்காம் வார முடிவில் ஒரு கேள்வியை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிறகு அதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏன் மாற்றினோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரிவதில்லை. என்ன செய்வது?

புரியாதது தெரிந்தால் பரவாயில்லை, கேட்டுக்கொள்வார்கள். புரிந்ததாக நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. "மாடல்" என்று சொன்னால் கணித மாணவருக்குச் சமன்பாடு, உயிரியல் மாணவருக்கு ஆய்வகத்து எலி, கட்டடக்கலை மாணவருக்கு அட்டையில் செய்த சிறு கட்டடம். மூவரும் "மாடல் தயார்செய்வோம்" என்று ஒப்புக்கொண்டு எழுந்துபோய், மூன்று வாரம் கழித்துத்தான் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியவரும். "ரிஸ்க்", "கணிசமான", "நிலையான" எல்லாமே இப்படித்தான். அறிவியல் வரலாற்றாசிரியர் பீட்டர் கேலிசன், கோட்பாட்டு இயற்பியலாளர்களும் சோதனைக்காரர்களும் கருவி செய்பவர்களும் சேர்ந்து வேலைசெய்வதைச் சந்தைக்கு ஒப்பிட்டார்: வேறு வேறு மொழிக்காரர்கள் பண்டமாற்றுக்குப் போதுமான ஒரு கலப்பு மொழியை உண்டாக்கிக்கொள்வதுபோல. உங்கள் குழுவுக்கும் அப்படி ஒரு சின்ன அகராதி வேண்டும். ஒரு பக்கம் போதும், வாராவாரம் திருத்தட்டும்.

சொற்களைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு: எதைச் சான்றாக ஏற்பது என்பது. எண் இல்லாவிட்டால் நம்ப மாட்டேன் என்பார் ஒருவர். அந்த எண்ணை எடுத்தவர் யாரிடம் பேசினார் என்று கேட்பார் இன்னொருவர். இதற்கு லண்டன் பிராட் ஸ்ட்ரீட் காலராவை எடுத்துக்கொள்வேன். 1854-இல் மருத்துவர் ஜான் ஸ்னோ தெருப்பம்பு ஒன்றைச் சந்தேகித்து அதன் கைப்பிடியைக் கழற்றவைத்தார் என்ற அளவில்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது, பலர் அவரை நம்பவில்லை. இறந்தவர்களின் முகவரிகளை அவருக்குக் கொடுத்தது வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல்காரரின் அலுவலகப் பதிவேடு, அந்த ஃபாரோ கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று அப்போது நம்பியவர். ஸ்னோ சொன்னது தவறு என்று நிரூபிக்கப் புறப்பட்டவர் அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட். வீடு வீடாகத் தெரிந்தவர் என்பதால் ஊரைவிட்டுப் போனவர்களிடமும் விசாரித்தார், கடைசியில் முதலில் நோய்வாய்ப்பட்ட குழந்தையின் வீட்டைக் கண்டுபிடித்து ஸ்னோவின் பக்கம் வந்துசேர்ந்தார். அந்த வீட்டுக் கழிவுக்குழியைத் தோண்டிப் பார்த்தபோது அது கிணற்றுக்குள் கசிவது தெரிந்தது. வரைபடம், பதிவேடு, பழக்கமான முகங்கள், மண்வெட்டி. இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் வாதம் எங்கே ஓட்டையாகும் என்று வகுப்பில் கேளுங்கள், ஒரு மணிநேரம் போவதே தெரியாது.

காரண-விளைவுப் படங்கள் வரையவைப்பது பயன்தருமா?

பயன்தரும், அளவோடு. ஜே ஃபாரஸ்டர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1950களில் தொடங்கிய முறைமை இயக்கவியலில் (ஓர் அமைப்பின் பகுதிகள் ஒன்றையொன்று காலப்போக்கில் எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கும் துறை) இருந்து வந்த பழக்கம் இது. அந்த மரபில் ஒரு விளையாட்டும் உண்டு: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், உற்பத்தியாளர் என்று நான்கு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஆர்டர் போட வேண்டும். வாடிக்கையாளரின் தேவை ஒரே ஒருமுறை கூடிவிட்டு அப்படியே நிற்கும். ஆனால் சரக்கு வந்துசேரத் தாமதமாவதால் ஆளாளுக்கு அதிகமாக ஆர்டர் போட்டு, கையிருப்பு வறண்டும் குவிந்தும் தள்ளாடும். முடிவில் கேட்டால், வாடிக்கையாளர்தான் மாற்றி மாற்றிக் கேட்டார் என்பார்கள். தாமதமும் பின்னூட்டமும் (விளைவு திரும்பி வந்து காரணத்தையே மாற்றுவது) என்ன செய்யும் என்பதை உடம்பில் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படத்தில் 40 அம்புக்குறிகள் வந்துவிட்டால் அது அலங்காரம். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள், பாதி அழிந்துவிடும், மீதியில் நல்ல ஆய்வுக் கேள்விகள் இருக்கும்.

குழுவில் ஒருவரே எல்லா வேலையும் செய்கிறார். தவிர்ப்பது எப்படி?

நான்கைந்து பேருக்கு மேல் போகாதீர்கள். ஒரே துறையிலிருந்து இருவர் இருந்தால் நல்லது, தனியாக நின்று தன் துறைக்கே வக்கீலாகிவிடும் அழுத்தம் குறையும். ஒருவரிடம் மட்டுமே இருக்கும் தகவல் எல்லோருக்கும் தேவைப்படும்படி வேலையைப் பிரியுங்கள். எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் பள்ளிகளில், பல இனக் குழந்தைகள் புதிதாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கிப் பகை மூண்டிருந்த நேரத்தில் உருவாக்கிய ஜிக்சா முறையின் சாரம் இதுதான்: ஒவ்வொரு குழந்தையிடமும் பாடத்தின் ஒரு துண்டு, மற்றவரைக் கேட்காமல் முழுப்படம் கிடைக்காது.

இதோடு நான் சேர்த்துக்கொண்டது ஒன்று. பாதி வழியில் துண்டுகளை மாற்றிவிடுவேன். பேட்டிகளை எடுத்த சமூகவியல் மாணவர் இப்போது நீரின் வேதியியலை வகுப்புக்கு விளக்க வேண்டும், வேதியியல் மாணவர் பேட்டிகளில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். முதல் முறை அறிவித்தபோது எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஆனால் குழு உண்மையில் ஒன்றுசேர்வது அந்த வாரத்தில்தான் என்பதை அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அதனால் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு பிரச்சினையில் கற்றதை இன்னொன்றில் பயன்படுத்துவார்களா?

தானாக நடக்காது. மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் 1980-இல் வெளியிட்ட சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டையைத் தாக்கப் படையைச் சிறு சிறு பிரிவுகளாகப் பல வழிகளில் அனுப்பிய தளபதியின் கதையை மாணவர்கள் படித்தார்கள். பிறகு, சுற்றியுள்ள திசுவைக் கெடுக்காமல் கதிர்வீச்சால் கட்டியை அழிப்பது எப்படி என்று கேட்டார்கள். பல திசைகளிலிருந்து பலவீனமான கதிர்களை அனுப்பவேண்டும் என்பது விடை, கதையில் இருப்பதும் அதேதான். ஆனாலும் பெரும்பாலோருக்கு அது தோன்றவில்லை. "முன்பு படித்த கதை உதவும்" என்று சொன்ன பிறகுதான் பெரும்பாலோர் கண்டுபிடித்தார்கள். 1983-இல் அவர்களே காட்டிய இன்னொரு விஷயம் நமக்கு உதவும்: ஒரே அடிப்படை உள்ள இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் நிலைமை மேம்படுகிறது. அதனால் ஒரே ஒரு பெரிய ப்ராஜெக்டோடு நிறுத்தாதீர்கள். கிணற்றையும் காலராவையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பொதுவானது என்ன என்று மாணவர்களையே எழுதவையுங்கள்.

சரியான விடை இல்லாதபோது மார்க் எப்படிப் போடுவது?

விடைக்கு மார்க் போடாமல் வேலைக்கு மார்க் போடலாம், அதைத் துல்லியமாகவே செய்யலாம். என் வகுப்பில் பாதி மார்க் தனிநபருக்கு, பாதி குழுவுக்கு.

தனிநபர் பகுதியில் முக்கியமானது ஒரு நான்கு பக்கக் குறிப்பு: உன் குழுவிலுள்ள இன்னொரு துறையின் முறையை, அந்தத் துறை மாணவர் "ஆமாம், இப்படித்தான்" என்று ஒப்புக்கொள்ளும்படி விளக்கு, அது எங்கே பலமானது, எங்கே செல்லாது என்று சொல். அதை அந்தத் துறை மாணவரே முதலில் படித்துக் கருத்து எழுதுவார், நான் அதன்பிறகு. மேலோட்டமாக எழுதினால் இங்கே தப்பிக்க முடியாது.

குழுப் பகுதியில் நான் தேடுவது மூன்று. கேள்வி எப்படி மாறியது, ஏன் மாறியது. துறைகள் முரண்பட்ட இடத்தை மறைக்காமல் காட்டி, அதில் என்ன முடிவெடுத்தார்கள், அந்த முடிவால் யாருக்கு இழப்பு. தங்கள் பரிந்துரை தோற்றுப்போனால் அது எதனால் தோற்றிருக்கும். கடைசிக் கேள்வி கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரப்பிய பயிற்சியிலிருந்து எடுத்தது: திட்டம் தோற்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, காரணங்களை எழுதுவது. "தோற்குமா?" என்று கேட்டால் தயங்குகிறவர்கள், "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் ஏராளமாக எழுதுகிறார்கள்.

அழகான ஸ்லைடுக்கு மார்க் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆசிரியருக்கு எல்லாத் துறையும் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம், யாருக்கும் தெரியாது. ஆனால் தனியாக நடத்தாதீர்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரே அறையில் இருந்து, மாணவர்கள் முன்னிலையில் மரியாதையோடு முரண்பட வேண்டும். "நீங்கள் இதைச் சான்று என்கிறீர்கள், எங்கள் துறையில் இதை ஏற்க மாட்டோம், ஏன் ஏற்கிறீர்கள்?" என்று ஒரு பேராசிரியர் இன்னொருவரைக் கேட்பதை மாணவர்கள் வேறெங்கும் பார்ப்பதில்லை. நிர்வாகம் இருவருக்கும் முழுப் பணிநேரமாகக் கணக்கு வைக்க ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பாடங்கள் நின்றுபோவதற்கு நான் பார்த்த காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாணவர்களை மக்களிடம் அனுப்பலாமா?

அனுப்புங்கள், ஆனால் தயார்செய்து அனுப்புங்கள். ஒரே ஊருக்கு வருடாவருடம் புதுக் குழு போய் அதே கேள்விகளைக் கேட்டு, ஒன்றுமே திருப்பிக் கொடுக்காமல் வருவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். போவதற்கு முன் ஏற்கெனவே இருக்கும் தகவலைப் படித்திருக்க வேண்டும், ஒப்புதல் கேட்க வேண்டும், முடிந்ததும் கண்டுபிடித்ததை அவர்கள் மொழியில் ஒரு பக்கமாவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்த விடலாமா?

கேள்வியைக் கட்டும் நான்கு வாரங்களில் நான் விடுவதில்லை. பத்து துறைகளின் பார்வையும் ஒழுங்காக அடுக்கிய பட்டியல் ஒன்று உடனே கிடைத்துவிடும், அப்புறம் யாரும் தாங்களாக யோசிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு, தாங்கள் எழுதியதைக் காட்டி "எந்தத் துறையை விட்டுவிட்டோம்?" என்று கேட்கப் பயன்படுத்தலாம். வரும் பதிலில் உள்ள ஒவ்வொரு தகவலையும் மூல ஆவணத்தில் போய்ச் சரிபார்த்தாக வேண்டும்.

மாணவர்கள் நடுவில் சோர்ந்துபோய் "பதில் என்னவென்று சொல்லிவிடுங்கள்" என்கிறார்கள்.

ஏழெட்டு வாரத்தில் இது கட்டாயம் வரும், நன்றாகப் படிக்கிறவர்களிடம்தான் முதலில் வரும். இவ்வளவு காலமும் சரியான விடை சொல்லியே நல்ல பெயர் எடுத்தவர்கள், திடீரென்று தரையில்லாத இடத்தில் நிற்பதுபோல உணர்கிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரம் இப்படி இருக்கும் என்று முதல் நாளே சொல்லிவைத்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிக்கு, அந்த வாரத்தில் சின்னதாக முடிக்கக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள்: ஒரே ஒரு அம்புக்குறியைச் சரிபார்க்கட்டும், ஒரே ஒருவரைப் பேட்டி எடுக்கட்டும். கையில் ஏதாவது ஒன்று உறுதியாக வந்ததும் பேச்சு மாறிவிடும்.

முழுப் பாடத்துக்கு இடமே இல்லை. ஒரே ஒரு வகுப்புதான் கிடைக்கும். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். கிணற்றுக் கதையை 1993-க்கு முன்பே நிறுத்திவிடுங்கள். குழந்தை இறப்புகள், குளத்து நீர், குழாய்க் கிணறு என்ற மூன்றை மட்டும் சொல்லி, மாணவர்களை நீர்த்திட்டக் குழுவாக உட்காரவைத்து, திட்டத்துக்கு ஒப்புதல் தரும் முன் நீரில் எதையெல்லாம் சோதிப்பீர்கள், கிராமத்தில் யாரையெல்லாம் கேட்பீர்கள் என்று 20 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பட்டியல்களைப் பலகையில் ஏற்றிய பிறகு மீதிக் கதையைச் சொல்லுங்கள். அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும், அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: ஆர்செனிக்கைப் பட்டியலில் சேர்த்திருக்கக்கூடிய ஆள் எந்தத் துறையில் இருந்திருப்பார், அவரை யார், எப்போது கூப்பிட்டிருக்க வேண்டும்? வகுப்பு முடியும்வரை அதையே பேசுங்கள். பட்டியல்களைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் நிர்வாகத்திடம் முழுப் பாடம் கேட்கப் போகும்போது காட்ட உதவும்.